கருமுட்டைக்கு விலை உண்டா?

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஈரோட்டிலிருந்து வந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பலமுறை எடுக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தன. ஆதார் அட்டையில் வயதை மாற்றி அவளைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றதாகக் கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர்.

ஈரோடு எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பங்கு மக்கள் இருந்துவிட முடியுமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. விபத்தில் கணவனை இழந்தவர்கள், ஆலை மூடினால் அன்றைய கூலியை இழப்பவர்கள், வட்டிக்கு வாங்கித் தவிப்பவர்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். தரகர் தேடுவது இத்தகைய வீட்டு வாசலைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் மட்டுமே, வாழ்நாளில் ஒரே ஒருமுறை கருமுட்டை தரலாம். 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. பணத்திற்காக வாடகைத் தாயாக இருப்பதையும் தனிச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டம் கேட்பது ஒப்புதல் கையெழுத்து. கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒரு பெண் போடும் கையெழுத்து எந்த அளவுக்குச் சுதந்திரமானது? முட்டை வளர்ச்சிக்காகப் போடும் ஊசிகளின் பக்கவிளைவுகளைச் சுமப்பதும் அவள் உடல்தானே?

திருஅவை இன்னும் ஆழமாகப் பார்க்கிறது. குழந்தை, கணவன் மனைவியின் அன்புறவில் பிறக்கும் கொடை. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் பொருள் அல்ல என்று 1987, 2008-ம் ஆண்டுகளில் வத்திக்கான் வெளியிட்ட ஏடுகள் கற்பிக்கின்றன. உறைய வைக்கப்படும், வீசப்படும் கருக்களும் மனித உயிர்களே. அதே வேளையில், தம்பதியரின் உறவுக்குத் துணைநிற்கும் மருத்துவத்தைத் திருஅவை தடுப்பதில்லை. எந்த முறையில் பிறந்தாலும் குழந்தையின் மாண்பு சிறிதும் குறைவதில்லை.

இங்கே நம்மையும் கேட்டுக்கொள்வோம். திருமணமாகி ஆறு மாதத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று விசாரிப்பது யார்? வளைகாப்பில் பிள்ளையில்லாத பெண்ணை ஒதுக்கி உட்காரவைப்பது யார்? இந்தச் சொற்கள்தான் ஒரு தம்பதியைக் கடன் வாங்கிச் சிகிச்சை மையத்துக்கு விரட்டுகின்றன. கடன் இன்னொரு ஏழைப் பெண்ணைத் தன் உடலை விற்க விரட்டுகிறது. நடுவில் தரகர் பிழைக்கிறார்.

விவிலியத்தில் அன்னாவை உண்ணவிடாமல் அழவைத்தது பெனின்னாவின் ஏளனம். நம் பங்குகளில் அன்னாக்கள் பலர் உண்டு. பெனின்னாவாக நாம் இராதிருப்போம். கடனில் தவிக்கும் சகோதரிக்குத் தரகர் வருமுன் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியமும் போய்ச் சேரட்டும். சட்டப்படி தத்தெடுக்க விரும்பும் தம்பதியருக்கு உறவினர்கள் தடையாக நிற்க வேண்டாம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இவற்றைத் தயங்காமல் பேசுவோம்.

உயிரின் ஆண்டவர் நமக்குத் துணைபுரிவாராக!