கரிசல் காட்டுக்கு ஜெர்மன் எதற்கு?

எட்டயபுரத்துப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழி எதற்காம்? கேட்கிறார்கள், தோழர்களே, கேட்கிறார்கள்! பருத்தியும் கம்பும் விளையும் கரிசலிலே பிறந்து, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் தாய் பெற்ற கூலியிலே படித்து, கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்திருக்கும் மாணவனுக்குத் தமிழும் ஆங்கிலமும் போதாவோ, ஐரோப்பிய மொழி ஆடம்பரமன்றோ என்கிறார்கள். பொறியியல் மாணவன் அம்மொழியைக் கற்றால் கெட்டிக்காரன் என்பர். செவிலிப் பெண் கற்றால், வேலை காத்திருக்கிறது என்று வாழ்த்துவர். அரசியல் மாணவன் கற்க விரும்பினால் மட்டும் ஏளனம்! இயந்திரத்தை இயக்கக் கற்கலாம். நோயாளியைப் பேணக் கற்கலாம். ஆட்சியை அலசக் கற்கலாகாதாம்! இதுவன்றோ இவர்தம் நியாயம்!

இதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், முதல் உலகப் போரிலே ஜெர்மன் படைக்குப் பெல்ஜியம் வீழ்ந்ததைப் புதுவையிலிருந்து பாடினார். அவருடைய வேதப் பற்று நமக்கு உடன்பாடில்லை. எனினும் உலக அரசியல் இவ்வூர்க்காரனுக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கியிருக்கவில்லை.

நாம் சொல்கிறோம், அரசியலும் பன்னாட்டுறவும் பயில்பவனே ஜெர்மனை முதலில் கற்க வேண்டியவன். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 'மத்திய அரசு' என்பதை விடுத்து 'ஒன்றிய அரசு' என்று சொல்லத் தொடங்கியது. எத்துணைக் கூக்குரல்! பிரிவினை வாடை வீசுகிறதென மூக்கைப் பொத்திக்கொண்டோர் எத்துணைப் பேர்! இந்திய அரசமைப்பின் முதற்கூறே மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் நாட்டைக் குறிக்கிறது, அதையும் மறந்தனர். ஜெர்மனியிலோ பெர்லினில் அமர்ந்திருக்கும் ஆட்சிக்குப் பெயரே 'புந்தஸ்ரெகீருங்'. 'புந்த்' என்றால் பிணைப்பு, ஒன்றியம்; 'ரெகீருங்' என்றால் அரசு. ஒட்டிப் படியுங்கள்: ஒன்றிய அரசு! அங்கே எவரும் அதைக் கேட்டுப் பதறுவதில்லை.

ஆங்கில நூல் அதனை 'ஃபெடரல் கவர்ன்மென்ட்' என்று பெயர்த்துத் தருகிறது. அந்த 'ஃபெடரல்' என்ற சொல் கேட்டால் பிரிட்டனிலே பலருக்கு அதிகாரம் ஓரிடத்தில் குவியப் போகிறதென்ற அச்சம். ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய வாதங்களிலே இதைக் கண்டோம். ஜெர்மானியர் காதிலோ அதே சொல், அதிகாரம் பங்கிடப்படுவதாக ஒலிக்கிறது. ஆங்கிலக் கண்ணாடி ஒன்றையே அணிந்திருப்பவனுக்கு இவ்வேறுபாடு எப்படித் தெரியும்?

சொல்லோடு முடிவதன்று இது. 1933இல் ஆட்சியைப் பிடித்த இட்லர், மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றங்களை ஒழித்தான். சர்வாதிகாரத்துக்கு மாநில உரிமை எப்போதும் முள்தானே! அந்தக் கொடுமையை அனுபவித்த நாடு, 1949இல் இயற்றிய தன் அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் கூறிலே பூட்டுப் போட்டது: ஒன்றியம் மாநிலங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதையும், சட்டமியற்றுவதில் மாநிலங்களுக்குள்ள பங்கையும் எத்திருத்தத்தாலும் அகற்றலாகாது. இங்கோ மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்ற நாடாளுமன்றத்தின் எளிய பெரும்பான்மை போதும். 2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீர் என்னும் மாநிலமே இரு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டதே!

அவர்களது மேலவையான 'புந்தஸ்ராத்'தில் மாநில அமைச்சர்களே அமர்கின்றனர். ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழும் பிரேமனுக்கு 3 வாக்கு, ஏறத்தாழ 1.8 கோடி மக்களைக் கொண்ட நார்த்ரைன்-வெஸ்ட்பாலியாவுக்கு 6 வாக்கு, அவ்வளவே. நம் மாநிலங்களவையிலோ உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. தொகுதி மறுவரையறை பற்றி மேடையிலே முழங்கும் இளைஞர், இந்தக் கணக்கை அறிந்திருந்தால் முழக்கம் வாதமாகுமே! 1961இல் அதனார் என்னும் வல்லமை மிக்க பிரதமர், ஒன்றிய அரசின் பிடியிலே தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்க முனைந்தார். மாநிலங்கள் வழக்காடின. ஒலிபரப்பு மாநிலங்களின் உரிமை என்று பிப்ரவரி 28ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் தடுத்தது. கல்வியும் அங்கே மாநிலங்களுடையதே. நெருக்கடி நிலையின் நிழலிலே, 1976இல், 42ஆம் திருத்தத்தால் நம் கையிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நழுவியது எது? அந்தக் கல்வியன்றோ!

மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பர். அடிப்படைச் சட்டத்துக்கு ஆங்கில ஆக்கம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு உயிரூட்டும் தீர்ப்புகளிலும் மாநிலச் சட்டமன்ற விவாதங்களிலும் பெரும்பகுதி ஜெர்மனிலேயே கிடக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு கருத்து இங்கு என்ன செய்தது தெரியுமா? ஹைடெல்பர்க்கைச் சேர்ந்த டீட்ரிக் கான்ராட் 1965இல் பனாரசிலே ஆற்றிய உரையில், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்றார். அவ்வாதம் கோலக்நாத் வழக்கிலே ஒலித்தது. 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பிலே 'அடிப்படைக் கட்டமைப்பு' என்னும் கோட்டையாயிற்று. அக்கோட்டைக்குள் நின்றுகொண்டு, அது எழுந்த மண்ணின் மொழி எதற்கு என்கிறோம்!

அண்ணல் அம்பேத்கர் அப்படிக் கேட்கவில்லை. ஜெர்மன் கற்றிருந்த அவர், 1921இல் பான் பல்கலைக்கழகத்தில் பெயரும் பதிந்தார். ராம் மனோகர் லோகியா பெர்லினிலே ஆராய்ந்து முனைவரானார். பெரியார் 1931இல் 'குடி அரசு' ஏட்டிலே கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டார். அது முதலில் ஜெர்மனில் எழுதப்பட்டது.

ஆனால் தில்லி என்ன செய்தது? 2014 நவம்பரில், கேந்திரிய வித்தியாலயங்களில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படித்துவந்த ஏறத்தாழ 70,000 பிள்ளைகளிடம், கல்வியாண்டின் நடுவிலே, 'விடு ஜெர்மனை, படி சமஸ்கிருதத்தை' என்றது! ஜெர்மன் பிரதமர் மெர்க்கெல் அதைப் பிரிஸ்பேன் மாநாட்டிலே எழுப்பும் அளவுக்கு வெட்கக்கேடாயிற்று. நம் மாநிலம் 1968இலேயே இருமொழிக் கொள்கையை ஏற்றது. மும்மொழித் திட்டத்தின் மூன்றாவது நாற்காலி உண்மையில் யாருக்காகப் போடப்பட்டது என்பதை அந்த நவம்பர் காட்டியது. (சென்னையிலே ஜெர்மன் கற்பிக்கும் நிலையத்துக்கும் வேதத்தைப் பதிப்பித்த, இந்நாட்டில் கால் வைக்காத, மாக்ஸ் முல்லரின் பெயர்தான். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்குவும், 1856இல் குறளை ஜெர்மனில் தந்த கிரௌலும் நினைவுக்கு வரவில்லை போலும்!)

நாம் தமிழின் நாற்காலியைக் கேட்கவில்லை. மதிப்பெண் வேட்டைக்காகத் தமிழைத் தள்ளி அயல்மொழி எடுக்கும் நகரத்து வழக்கத்தையும் நாம் ஏற்கவில்லை. தமிழும் ஆங்கிலமும் இருந்தபடி இருக்கட்டும். அரசியல், பன்னாட்டுறவு மாணவர்க்கு விருப்பப் பாடமாக ஆறு பருவமும் ஜெர்மன் வேண்டும். முதல் ஈராண்டு பேச்சும் இலக்கணமும். மூன்றாமாண்டு அடிப்படைச் சட்டத்தின் 30, 70, 79ஆம் கூறுகளும் 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மூலத்திலேயே. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்குப் பணம் காட்டவேண்டும், ஆகவே உதவித்தொகையும் கேட்கிறோம். மாக்ஸ் முல்லர் பவன் கோவில்பட்டிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பாடக்குழுக்கள் அடுத்த முறை கூடும்போது, ஆசிரியர் பணியிடங்களோடு இக்கோரிக்கையை மேசைமேல் வைக்க மாணவத் தோழர்கள் இப்போதே கையொப்பம் திரட்டுக!