போலிப் பகா எண்களும் ஒரு பள்ளி மாணவரும்

ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்கப் பெர்மா வகுத்த தேற்றம் உதவுகிறது. 2-ஐ அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதில் 2-ஐக் கழியுங்கள். பகா எண்ணாக இருந்தால் விடை அந்த எண்ணால் மீதியின்றி வகுபடும். 7-க்கு 126 வரும், வகுபடுகிறது. 6-க்கு 62, வகுபடவில்லை. ஆகவே 6 பகா எண் அன்று. மிகப் பெரிய எண்களைச் சோதிக்கக் கணிப்பொறிகள் கையாளும் சில முறைகள் இதன் திருத்திய வடிவங்களே.

ஆனால் 561 இச்சோதனையை ஏமாற்றிவிடும். 2-க்குப் பதிலாக எந்த முழு எண்ணை வைத்தாலும் வகுபடும். அதுவோ 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கற்பலன்! சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு காரணியிலும் 1 குறைத்தால் 2, 10, 16 வரும். இம்மூன்றுமே 560-ஐ மீதியின்றி வகுக்கின்றன. இத்தகைய போலிகளுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவற்றுக்கு முடிவில்லை என்று 1994-இல் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் ஆகிய மூவரும் நிறுவினர். போதிய அளவு பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு போலியாவது உண்டா? இக்கேள்விக்கு அப்போது நிரூபணம் கிட்டவில்லை.

2021-இல் அதை நிறுவியவர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பள்ளி மாணவர் டேனியல் லார்சன். முதலில் பகா எண்களின் இடைவெளிகளில் முட்டிப் பார்த்தார், வழி பிறக்கவில்லை. அங்கே மேனார்டும் டாவோவும் 2013-இல் கண்ட உத்தியைப் போலி எண்களின் பக்கம் திருப்பினார். வழி திறந்தது.

இவரைப் 'பிறவி மேதை' என்று சொல்லிவிட்டு நகர்வதை நான் ஏற்கவில்லை. இவருடைய தாய், தந்தை இருவருமே கணிதப் பேராசிரியர்கள். சந்தேகம் வந்தால் கேட்க வீட்டிலேயே ஆள் உண்டு. உங்களில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றை இன்று காசின்றிப் படிக்கலாம். தவறு எங்கே என்று உடனிருந்து சுட்டிக்காட்டும் ஆள்தான் அரிது. அந்த இடத்தில் இருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். "இந்த விதி எப்போதுமே சரியா, சார்?" என்று கேட்ட மாணவனை, "பாடத்திட்டத்தில் இல்லை" என்று நானே ஒருமுறை உட்கார வைத்திருக்கிறேன். இன்னமும் உறுத்துகிறது.

ஆகவே உங்கள் ஆசிரியரை விடாமல் கேளுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. 561-க்கு அடுத்த போலி 1105. காரணிப்படுத்திச் சரிபாருங்கள். பிறகு 1105-க்கும் 2210-க்கும் இடையே இன்னொன்றைத் தேடுங்கள். கிடைத்ததும், அது இராமானுஜனின் பெயரோடு நீங்கள் முன்பே கேள்விப்பட்ட எண்தானா என்று பாருங்கள்.