பழைய ஹிமாலயன், புதிய ஹிமாலயன், நடுவில் ரெண்டு ஜிஎஸ்டி

லடாக் போவதற்கென்று வாங்குகிற வண்டி அதிகம் போகிற இடம் ஆபீஸ்தான். வருஷத்தில் பத்து நாள் டூர், மீதி நாளெல்லாம் கத்திப்பாரா, மத்திய கைலாஷ், டைடல் பார்க் சிக்னல். ஆனால் வண்டி மாற்றுகிற பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் அந்தப் பத்து நாளைப் பற்றியே பேசுவார்கள். ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-ஐ விற்றுவிட்டு 450-க்கு மாறலாமா என்று சென்னையில் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள், மிச்சமிருக்கிற முந்நூற்றுச் சொச்சம் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

முதலில் சரித்திரம், சுருக்கமாக. 411 வந்தது 2016-ல். காற்றும் எண்ணெயும் சேர்ந்து குளிர்விக்கும் எஞ்சின், ஐந்து கியர், சுமார் 24 குதிரைத்திறன். 2023 நவம்பரில் 450 வந்ததும் பழசுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புதுசில் ரேடியேட்டர், ஆறு கியர், சுமார் 40 குதிரைத்திறன், வட்டமான திரையில் கூகுள் மேப். காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. நெடுஞ்சாலையிலும் இல்லை. பழசு எண்பது தொண்ணூறில் சந்தோஷமாகப் போகும், நூறைத் தாண்டினால் மூச்சு வாங்கும். புதுசு அங்கேதான் ஆரம்பிக்கவே செய்யும்.

ஆனால் மத்திய கைலாஷ் சிக்னலில் நூறைத் தாண்டுவது யார்? :-)

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 411-ன் பிஸ்டன் 78 மில்லிமீட்டர் அகலம், மேலும் கீழும் 86 மில்லிமீட்டர் போகும். 450-ல் அகலம் 84, ஓட்டம் 81.5. அதாவது பழசு ஒல்லியான நெட்டை, புதுசு குண்டான குட்டை. நெட்டை எஞ்சின் நிதானமாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். 411-ன் முழு இழுவையான 32 நியூட்டன் மீட்டர், 4,000-4,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். 450-ன் 40 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 5,500 சுற்று வரை போகவேண்டும். அதனால் மாநகரப் பேருந்தின் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும்போது, பழசில் மூன்றாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு போகிற இடத்தில், புதுசில் இரண்டாவதற்கு இறங்கவேண்டியிருக்கும். புதுசின் கிளட்ச் லேசானது, அந்த வரைக்கும் இடது கை பிழைத்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

எடையில் வித்தியாசம் இல்லாத மாதிரிதான். 199 கிலோ இருந்தது 196 ஆகியிருக்கிறது. இருக்கை உயரம் மட்டும் 800 மில்லிமீட்டரிலிருந்து 825-க்கு ஏறிவிட்டது. ஒரு இஞ்ச்தானே என்று சிரிக்கவேண்டாம். ஐந்தடி நாலங்குலக்காரர், பின்னால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் தேங்கிய குழியில் கால் ஊன்றும்போது அந்த ஒரு இஞ்ச் என்னவென்று தெரியும்.

புதுசுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லவேண்டும். பழசில் ட்யூப் டயர்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. 450-க்கு ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் 2024-ல் வந்தது, தனிக் காசுக்கு. தினசரி ஓட்டுகிறவருக்குக் கூகுள் மேப்பை விட இது பெரிய சமாச்சாரம். ஆனால் விளம்பரத்தில் எது பெரிதாக வரும் என்று சொல்லவேண்டியதில்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிற யாரும் இதை விட்டுவிட்டுப் போகமுடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 31. (350 வரை உள்ளவற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைத்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.) இந்த ஏற்றத்துக்குப் பிறகு 450-ன் ஷோரூம் விலையே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. மூன்று லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் சுமார் 85,700 ரூபாய் ஜிஎஸ்டி மட்டும். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு 2023 நவம்பரிலிருந்து வாழ்நாள் சாலை வரி 12 சதவீதம். இரண்டையும் கூட்டினால் வரி மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல்.

"பழசை நல்ல விலைக்கு வித்துடலாம், மிச்சத்துக்கு ஈஎம்ஐ" என்று சமாதானம் சொல்வார்கள். பழசுக்கு வாழ்நாள் சாலை வரி ஏற்கெனவே கட்டியாயிற்று. தேய்மானத்தின் பெரும்பகுதியும் முதல் சில வருஷத்தில் போய்விட்டது. மாற்றினால் அந்தச் செங்குத்துப் பள்ளத்தில் மறுபடியும் முதலிலிருந்து இறங்கவேண்டும். அதுவும் எதற்கு? வருஷத்துக்குப் பத்து நாளைக்கு. லடாக் ஆசை என்றால் லேயில் ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கிறது. சென்னையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சொந்த வண்டியில் போனால்தான் பயணம் என்பவர்களோடு சண்டை இல்லை, அவர்கள் தாராளமாக மாறட்டும்.

இன்னொரு கூட்டமும் மாறலாம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, மறைமலை நகர் என்று தினமும் ஜிஎஸ்டி சாலையில் (இது வரி இல்லை, ரோடு!) லாரிகளுக்கு நடுவே போய்வருகிறவர்கள். லாரியைத் தாண்டும்போது கையில் மிச்சம் இருக்கிற சக்தி அங்கே ஆடம்பரம் இல்லை. அவர்களுக்கு அந்த முந்நூறு நாளும் நெடுஞ்சாலைதான், 450 கொடுத்த காசுக்கு உழைக்கும். வேளச்சேரியிலிருந்து கிண்டி போய்வருகிறவருக்கு அப்படி இல்லை. 411-க்கு நல்ல செயின், புது பிரேக் பேட், சீட்டில் கொஞ்சம் நல்ல மெத்தை போட்டுக்கொண்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு கேட்கவில்லையா? டெஸ்ட் ரைடு கேளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காலியான ஈசிஆரில் வேண்டாம், அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு, பின்சீட்டில் ஆள் வைத்துக்கொண்டு, கிண்டிக்குள் ஓட்டிப் பாருங்கள்.