இலவசம் என்றால் மட்டும் போதுமா?

போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டில் ஒரே அழுகை. ஒன்பதாவது படிக்கும் என் பெண், பள்ளி ஆண்டு மலரின் அட்டைக்காக இரண்டு வாரமாகக் கம்ப்யூட்டரில் ஒரு கோலம் வரைந்து வந்தாள். 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு மென்பொருளை அவளே இறக்கிக்கொண்டாள். "காசு கேட்கலையே" என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். 31-ஆம் நாள் திறந்தால், பணம் கட்டினால்தான் ஆச்சு என்கிறது! படமோ வேறு எதிலும் திறக்கவில்லை. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர், பூட்டை உடைத்த பிரதி ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார். திருட்டுச் சரக்கோடு வைரஸும் வந்தால்? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

என் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "சித்தி, இலவசம் வேற, கட்டற்றது வேற. ஓட்டல் சாம்பார் ஓசியில கிடைச்சாலும் செய்முறை கிடைக்காது. கட்டற்ற மென்பொருள்னா செய்முறையையும் சேர்த்தே கொடுத்துடுவாங்க. யார் வேணா திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். கெடு வெச்சுப் பூட்ட மாட்டாங்க" என்றான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அவன் சொன்னதில் நாங்கள் பயன்படுத்திப் பார்த்தவை இவை.

கிருதா: தூரிகையால் வரைவதுபோல் வரைய இதுதான். பேனா பலகை இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், மவுஸாலும் வரையலாம். இதில் 'மல்டிபிரஷ்' என்று ஒன்று இருக்கிறது. எட்டு என்று சொல்லிவிட்டு ஒரு இதழ் வரைந்தால், சுற்றிலும் எட்டு இதழ் தானாக விழுகிறது. கோலத்துக்கென்றே செய்தாற்போல்! சில ஆன்லைன் கடைகளில் இதற்கு விலை போட்டிருக்கும்; அதை உருவாக்குபவர்களுக்கு உதவியாகப் போகும் பணம் அது. கிருதாவின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கிம்ப்: 1996-லிருந்து இருப்பது. போட்டோவை வெட்ட, வெளிச்சம் கூட்ட, பழைய படத்தில் கறை நீக்க ஏற்றது.

இங்க்ஸ்கேப்: எம்பிராய்டரி டிசைன், அழைப்பிதழ் போன்ற கோட்டு வேலைக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

லிப்ரே ஆபீஸ்: கடிதம், கட்டுரை, வீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும். இதன் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நோட்பேட்++: அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்தாகக் குறிப்பு எழுதி வைக்க.

எழுத்து என்றதும் என் மனசில் இருந்த இன்னொரு பாரத்தையும் அவனிடம் சொன்னேன். கல்யாணமான புதிதில், 2004-இல், என் மாமியார் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து வைத்த கஷாயக் குறிப்புகள் இருந்தன. இன்று அவர் இல்லை. அந்தக் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. "எழுத்து போகலை சித்தி. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துலதான் தமிழை வெச்சிருந்தாங்க" என்றான். சி.டி. உறைமேல் எழுத்துருவின் பெயரை எழுதி வைத்திருந்தேனோ, பிழைத்தேன்! அதைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தான். 'சுக்கு ஒரு விரற்கடை' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

* மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.
* நாள் கெடு உண்டா என்று முதலிலேயே பாருங்கள்.
* படத்தைப் பி.என்.ஜி. வடிவிலும், குறிப்பை வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி வையுங்கள். இவை எதிலும் திறக்கும்.
* தமிழை யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள்.
* முக்கியமானதைப் பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.

கோலம் என்ன ஆச்சு என்கிறீர்களா? பாதியில் தன் அத்தைக்குக் காட்ட என்று என் பெண் அனுப்பியிருந்த சின்னப் படம் போனில் இருந்தது. அதைக் கிருதாவில் அடியில் வைத்து, மேலே புதிதாக வரைந்து மூன்றே நாளில் முடித்துவிட்டாள். முதலில் போட்டதைவிட இதுதான் அழகு என்கிறாள்!