எலிக்கூண்டைத் திறக்கும் கை

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலி குறித்து ஆராயும் ஜெஃப்ரி மோகிலின் ஆய்வகத்தில் நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்துவந்தது. ஆய்வாளர் அறைக்குள் நிற்கும்போது சுண்டெலிகள் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தோன்றியது. 2014இல் விடை கிடைத்தது. நிற்பவர் ஆணாக இருந்தால்தான் அப்படி நடக்கிறது. ஆள்கூட வேண்டாம், ஓர் ஆண் முந்தைய இரவு போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கூண்டருகே வைத்தாலே போதும். அந்த வாடையில் எலி மிரள்கிறது, மிரட்சி வலியைக் கொஞ்ச நேரத்துக்கு அமுக்கிவிடுகிறது. சிறிய குழாய்க்குள் கால் மணி நேரம் அடைத்துவைத்தால் ஏற்படும் அழுத்தத்துக்கு ஒப்பானது அது என்று அந்தக் குழு எழுதியது. சோதனை செய்தவர் ஆணா பெண்ணா என்பதை இனி ஆய்வுக் கட்டுரைகளில் குறிப்பிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

இதற்கு முன்னோடியாக ஒரு சோதனை உண்டு. 1999இல் ஜான் கிராப் உள்ளிட்ட மூன்று விஞ்ஞானிகள் அமெரிக்காவின் போர்ட்லாண்ட், ஆல்பனி, கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே சோதனைகளை நடத்தினார்கள். ஒரே வம்சத்து எலிகள், ஒரே வயது, ஒரே மாதிரிக் கருவிகள். அப்படியும் சில சோதனைகளின் முடிவு ஊருக்கு ஊர் மாறியது. எட்மன்டனில் சோதனை நடத்தியவருக்கு எலி என்றாலே ஒவ்வாமை. தலையில் மாட்டும் சுவாசக் கருவியோடுதான் வேலை பார்த்தார் என்பதையும் அவர்கள் தங்கள் கட்டுரையிலேயே பதிவுசெய்தார்கள். 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் இன்னும் எளிய ஒன்றைக் காட்டினார்கள். காலங்காலமாகச் செய்வதுபோல வாலைப் பிடித்துத் தூக்கினால் சுண்டெலி பதறுகிறது. உள்ளங்கைகளைக் குவித்து அள்ளினாலோ, ஒரு குழாய்க்குள் தானாக நுழையவிட்டு எடுத்தாலோ அந்தப் பதற்றம் வெகுவாகக் குறைகிறது.

மன அழுத்தத்தையும் மூளையையும் ஆராயும் பல்கலைக்கழக ஆய்வகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகப் பேராசிரியரைப் பற்றிப் பேசுகிறோம், கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுகிறோம். கூண்டைத் திறக்கும் கை யாருடையது என்று கேட்பதில்லை. அந்தக் கை முடிவையே மாற்றும் என்று அறிவியல் சொல்லிவிட்ட பிறகும் கேட்பதில்லை.

அந்தக் கை பெரும்பாலும் இருபத்தைந்து வயது ஆய்வு மாணவருடையது. அல்லது ப்ராஜெக்ட் முடியும் நாளோடு வேலையும் முடிந்துபோகும் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டுடையது. அல்லது விடியற்காலையில் வந்து மரத்தூள் மாற்றி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, தீனி போட்டுவிட்டுப் போகும் அனிமல் ஹவுஸ் ஊழியருடையது.

அவர்கள் செய்யும் வேலையின் நுணுக்கம் வெளியே தெரிவதில்லை. மனிதருக்குக் கார்ட்டிசால் போல எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன். கூண்டில் கை வைத்த சுமார் மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கை பட்டதால் எழுந்த அதிர்ச்சியும் அளவோடு சேர்ந்துவிடும். அந்த ஹார்மோன் நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் சோதனையைத் தினமும் ஒரே வேளையில் செய்தாக வேண்டும். பத்து நாள் சோதனை என்றால் நடுவில் ஞாயிறு வந்தாலும் தீபாவளி வந்தாலும் பத்து நாளும் வர வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. சோதனை தொடங்குவதற்குப் பல நாள் முன்பிருந்தே ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்து, தடவி, ஆள் வாடைக்குப் பழக்க வேண்டும். பக்கத்து அறையில் சுவரைத் துளையிட யாராவது வந்துவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2002இல் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்த்ரா சட்டர்ஜியும், அவருடைய ஆய்வகத்தில் இருந்த அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா ஆகியோரும், நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் பி.எஸ். சங்கரநாராயண ராவும் சேர்ந்து வெளியிட்டது. எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாட்கள் அசையவிடாமல் வைத்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. இது நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் குழு முன்பே காட்டியதோடு ஒத்துப்போனது. ஆனால் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே துன்பம், மூளையின் ஒரு மூலையைத் தேய்த்து இன்னொரு மூலையைப் பெருக்கியிருந்தது. 2004இல் அதே ஆய்வகம் அடுத்த கேள்வியைக் கேட்டது: துன்பத்தை நிறுத்திவிட்டால்? 21 நாள் ஓய்வில் ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலா திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் தணியவில்லை.

உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் இந்த முடிவுகளுக்குப் பின்னால் இருப்பது கோல்கி சாயம் என்ற 19ஆம் நூற்றாண்டு முறை. இத்தாலியின் கமில்லோ கோல்கி 1873இல் கண்டறிந்தது. பொட்டாசியம் டைக்ரோமேட், சில்வர் நைட்ரேட் கரைசல்களில் ஊறவைத்த மூளைத் திசுவில் நூற்றில் ஓரிரு செல்கள் மட்டும் கருப்பாக, கடைசிக் கிளை வரை துலங்கும். ஏன் அந்தச் சில மட்டும் என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை. எல்லாமே கறுத்தால் ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் அந்தச் சிலவே வரப்பிரசாதம். மைக்ராஸ்கோப்பில் ஒரு செல்லைப் பிடித்து, குவியத்தை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து வரைய வேண்டும். எந்தக் கண்ணாடித் தகடு துன்புற்ற எலியுடையது, எது சும்மா இருந்த எலியுடையது என்று வரைபவருக்குத் தெரியக் கூடாது. தகட்டில் குறியீட்டு எண் மட்டும் இருக்கும். கழுத்து பிடிக்கும், கண் எரியும். ஒரு எலிக்குப் பல செல்கள், ஒரு குழுவுக்குப் பல எலிகள் என்று மாதங்கள் ஓடும். ‘கிளைகள் சுருங்கின’ என்ற இரண்டு சொற்களின் எடை அவ்வளவு.

இவ்வளவு பொறுமையாக வேலை செய்கிறவர்கள் எந்த நிலைமையில் வேலை செய்கிறார்கள்? பதிலை அவர்களுடைய துறையே தந்திருக்கிறது.

ராக்ஃபெல்லரில் ஜே வைஸ் என்ற உளவியலாளர் 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் எலிகளில் நடத்திய சோதனைகள், அழுத்தம் பற்றிய அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று. இரண்டு எலிகளுக்கு ஒரே கம்பியில், ஒரே நொடியில், ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்பாக ஓர் எச்சரிக்கை ஒலி. மற்றதற்கு ஒலி கேட்கும், ஆனால் அதிர்ச்சியோடு அதற்குச் சம்பந்தம் இராது. பட்ட அடி ஒன்றேதான். எப்போது வரும் என்று தெரியாத எலிக்கு வயிற்றில் புண் பல மடங்கு அதிகம். இன்னொரு சோதனையில் ஒரு எலிக்கு அதிர்ச்சியைத் தவிர்க்கச் சுழற்றும் சக்கரம் கொடுக்கப்பட்டது. அதன் இணைக்குக் கொடுக்கப்படவில்லை. சக்கரம் இருந்த எலிக்குப் புண் குறைவு. துன்பத்தின் அளவைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமலிருப்பதும் தன் கையில் ஒன்றும் இல்லாமலிருப்பதும்தான் உடலை அதிகம் அரிக்கின்றன என்று வைஸ் காட்டினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜோசப் பிராடி குரங்குகளில் செய்த சோதனை நேர்மாறாகச் சொல்லியிருந்தது. பொறுப்பில் இருந்த ‘அதிகாரி’க் குரங்குகளுக்கே அல்சர் வந்தது, மேலதிகாரிகளுக்குத்தான் அழுத்தம் என்ற நம்பிக்கைக்கு அது தீனி போட்டது. பின்னால் பார்த்தால், சீக்கிரம் கற்றுக்கொண்ட குரங்குகளையே பிராடி அதிகாரிகளாகத் தேர்ந்திருந்தார். சோதனை தொடக்கத்திலேயே கோணியிருந்தது. மனிதர்களிடமும் விடை வைஸ் பக்கமே சாய்ந்தது. லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களை 1967 முதல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வில், கீழ்மட்ட ஊழியர்கள் இதய நோயால் இறப்பது உயரதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. அடுத்த தலைமுறையில் 10,308 பேரை வைத்து நடந்த இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு, தன் வேலை மீது தனக்குப் பிடி இல்லாமலிருப்பதே அதற்குப் பெரிய காரணம் என்று காட்டியது.

இப்போது நம் நாட்டு ஆய்வு மாணவரைப் பார்ப்போம். 2023இல் ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், சீனியர் ஃபெலோஷிப் 35,000இலிருந்து 42,000 ஆகவும் உயர்ந்தது. அதற்கு முந்தைய உயர்வு 2019இல். அதுவும் மாணவர்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகு. தொகை போதுமா என்பது ஒரு கேள்வி. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி செய்பவர்களுக்கு நெடுங்காலமாக மாதம் 8,000 ரூபாய் என்றே இருந்ததை நினைத்தால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஆனால் வைஸின் எலிகள் எழுப்பும் கேள்வி வேறு: அந்தப் பணம் எப்போது வரும்?

எப்போது வேண்டுமானாலும் வரும். நிதியாண்டு முடிந்து செலவுச் சான்றிதழ் போய்ச் சேரும் வரை, இணையதளத்தில் யாரோ ஒருவர் ஒப்புதல் தரும் வரை, மூன்று மாதம், ஆறு மாதம் என்று நிற்கும். பிறகு மொத்தமாக வரும். அறை வாடகைக்கும் மெஸ் பில்லுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. வழிகாட்டி எப்போது கூப்பிடுவார், பேப்பர் எப்போது ஏற்கப்படும், தீசிஸ் எந்த ஆண்டு முடியும் என்பதும் மாணவர் கையில் இல்லை. அழுத்தத்தின் இரண்டு முக்கிய மூலப்பொருள்களும், துறையின் ஆரம்பப் பாடத்திலேயே இருப்பவை, அந்த மாணவரின் அன்றாடத்தில் கலந்திருக்கின்றன.

இது இந்தியாவின் நோய் மட்டும் இல்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 பிஎச்.டி மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், மூவரில் ஒருவர் மனநலக் கோளாறு ஏற்படும் அபாயத்தில் இருந்தார். குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவே இழுபடுவது, வேலைப் பளு, தன் வேலையில் தனக்குள்ள உரிமை, வழிகாட்டியின் போக்கு ஆகியவை அதோடு தொடர்புடையவையாக இருந்தன.

கஷ்டப்பட்டால்தான் அறிவியல் வரும் என்று மூத்தவர்கள் சிலர் இதற்குப் பதில் சொல்வார்கள். அவர்களும் அப்படித்தான் வளர்ந்தார்கள். அந்த வைராக்கியத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் துறையின் ஆய்வுகளே இரண்டு வகை அழுத்தங்களைப் பிரித்துக் காட்டியிருக்கின்றன. கருத்தரங்கில் பேசும் முன் நெஞ்சு அடித்துக்கொள்வது குறுகிய கால அழுத்தம். அது நினைவைக் கூர்மையாக்கவும் கூடும். வருஷக்கணக்கில் நீளும், முடிவு தெரியாத அழுத்தம் வேறு. பெங்களூர் எலிகளின் அமிக்டலா மூன்று வாரம் கழித்தும் இறங்கி வராதது அந்த இரண்டாவது வகையில்தான்.

இன்னொரு பாரமும் உண்டு. அதைப் பற்றி ஆய்வகங்களுக்குள்ளேயே யாரும் அதிகம் வாய்திறப்பதில்லை. பல நாள் தடவிப் பழக்கிய அதே கைதான் சோதனை முடிந்ததும் எலியைக் கொல்ல வேண்டும். மூளையை எடுக்க வேறு வழியில்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் சோதனை விலங்குகளுக்கு அஞ்சலி நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். பேராசிரியரிலிருந்து கூண்டு கழுவுபவர் வரை வந்து நின்று பூ வைக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் விலங்குகளோடு வேலை செய்பவர்களின் மனச்சோர்வுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இந்தியாவில் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் சோதனை தொடங்க முடியாது. எலிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு வெளிச்சம் என்று விதிகள் இருக்கின்றன. மிகவும் நல்லது. எலியைப் பார்த்துக்கொள்ளும் மனிதரின் மனசுக்கும் அந்தக் கோப்பில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. ஃபெலோஷிப் மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நிதி தரும் துறையிலிருந்து வரத் தாமதமானால் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். ப்ராஜெக்ட் ஊழியருக்கு ஒப்பந்தம் நீடிக்குமா இல்லையா என்பதைக் கடைசி நாளன்று சொல்லாமல் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். பத்து நாள் தொடர் சோதனை முடிந்தால் ஈடுசெய் விடுப்பு கேட்காமலே கிடைக்க வேண்டும். வழிகாட்டி மீது புகார் இருந்தால் அதே வழிகாட்டியின் துறைத் தலைவரிடம் போய் நிற்காமல், வெளியார் ஒருவரிடம் சொல்ல வழி இருக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் ஒரு மாற்றம் தேவை. எலியின் வம்சம், வயது, எடை, வாங்கிய இடம், விளக்கு எரிந்த நேரம் எல்லாம் வரிக்கு வரி அச்சாகின்றன. மோகில் குழு கேட்டதுபோல எலியைத் தூக்கியவர் ஆணா பெண்ணா என்பதையும், கூடவே எத்தனை பேர் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதலாம். நன்றி சொல்லும் பகுதியில் நிதி கொடுத்த அமைப்பின் பெயருக்குப் பக்கத்தில், தினமும் காலையில் மரத்தூள் மாற்றியவரின் பெயரையும் போடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை; அடுத்த கட்டுரையை அனுப்பும் முன் பேராசிரியர் ஒரு வரி சேர்த்தால் போதும்.