தோலில் என்ன தீட்டு?

'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் போடுவது கோஷமேயன்றி இசையன்று எனத் தீர்ப்பளித்தார், இலுப்பூர் இலக்கிய நண்பரொருவர். பஜனைகளில் ஒலித்த உடும்புத்தோல் கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றிய மான்பூண்டியா பிள்ளை நம் புதுக்கோட்டைக்காரர் என்பதில் அவருக்குப் பெருமை தாளாது. பா. இரஞ்சித்தும் டென்மாவும் திரட்டிய 19 கலைஞர்கள், அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லைப் பெயராக்கி, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறினர். அங்கே கிதாரின் அருகே பறையும் சட்டியும் ஒலித்தால் மட்டும் செவி கூசுகிறதோ? கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த அந்த இசையில் தாளப்பிழை எதையும் அவர் சுட்டவில்லை. இறைவன் பெயரை நூறுமுறை சொன்னால் பஜனை. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினால் கோஷமா? ஒரு பாடலையேனும் முழுதாகக் கேட்டீரா என்றேன். இல்லையாம்.