பிள்ளையை யார் கையில் கொடுக்கிறோம்?



"பிள்ளை பார்க்க நம்பிக்கையான ஓர் ஆள் கிடைக்குமா?" பிரசவ லீவு முடியப்போகும் தாய்மார் நம் பகுதியில் அக்கம்பக்கத்தில் எல்லாம் கேட்டுத் திரியும் கேள்வி இது. முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் 84 வேலை நாட்கள் முடியும்போது பிள்ளைக்கு ஏறக்குறைய நாலு மாதம் ஆகியிருக்கும். அரச ஊழியருக்கு அதன்பின் அரைச் சம்பள லீவு உண்டு என்றாலும், குடும்ப நிலை காரணமாகப் பலர் அதை எடுப்பதில்லை. ஆசிரியையும் தாதியும் துறைமுகத்துக் கந்தோரில் வேலை செய்பவரும் தலை நிமிராத பிள்ளையை வீட்டில் விட்டுப் போகிறார்கள். உம்மாவோ மாமியோ உடனிருந்தால் கவலை குறைவு. இல்லாவிட்டால் ஓர் ஆளைத் தேட வேண்டியதுதான்.

அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போது, கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூரை நாம் மறக்க முடியாது.

மூதூர், சாபி நகரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988 பெப்ரவரியில் பிறந்தவர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 2005 மே மாதம் வீட்டு வேலைக்கென்று சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று போடப்பட்டிருந்தது. ஏஜென்சிக்காரர் தாளில் ஆறு வயதைக் கூட்டிவிட்டார்கள். ஆனால் தாளில் கூடிய வயது கைக்கு அனுபவத்தைக் கொடுக்குமா? தவாத்மி என்ற ஊரில் அவர் வேலைக்குச் சேர்ந்த வீட்டில் நாலு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. வீட்டு வேலையோடு அதைப் பார்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. குழந்தை வளர்ப்பில் எந்தப் பயிற்சியும் அவருக்கு இல்லை. போய் மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், மே 22 அன்று, அவர் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை இறந்தது.

பால் புரைக்கேறியது, பதறிப்போய்க் கழுத்தையும் நெஞ்சையும் தடவிவிட்டேன் என்றார் ரிசானா. கழுத்தை நெரித்துவிட்டாள் என்றார்கள் குழந்தையின் வீட்டார். 2007 ஜூன் மாதம் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்டு உலகமெங்கும் இருந்து குரல் எழுந்தும் பயனில்லை. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. நாம் இங்கே பார்க்க வேண்டியது வேறு. ஒரு வீட்டில் தாய் தன் மடிப்பிள்ளையை இழந்தாள். இன்னொரு வீட்டில் தாய் தான் பெற்று வளர்த்த மகளை இழந்தாள். இரண்டு இழப்புக்கும் முன்னால் நடந்தது ஒன்றுதான்: பிள்ளை பார்க்கத் தெரியாத சிறுமி ஒருத்தியின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள்.

சவூதியில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. "பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று 13, 14 வயதுச் சிறுமியைக் கூட்டிவரும் பழக்கம் நம் சமூகத்திலும் இருந்து வந்ததுதானே? உறவுக்காரப் பிள்ளை என்பார்கள். சாப்பாடும் உடுப்பும் கொடுக்கிறோம் என்பார்கள். 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த 16 வயது மலையகச் சிறுமி எரிகாயங்களோடு இறந்தபோது நாடே கொதித்தது. வேலைக்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த வயது 14 ஆக இருந்ததை 2021 இல் சட்டம் 16 ஆக உயர்த்தியிருக்கிறது. அதற்கு மீறி வைப்பது குற்றம். ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் சட்டம் சொல்லும் வயதோடு நாம் நின்றுவிடக் கூடாது. தனியே ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்பவர் வளர்ந்த பெண்ணாக, முடிந்தால் தானே பிள்ளை வளர்த்தவராக இருக்க வேண்டும்.

ஆள் வைக்கும் முன்

அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்களும், 12 இலக்கம் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கு எண்களும் பிறந்த ஆண்டைக் காட்டும். அட்டை இல்லை, தொலைந்துவிட்டது என்றால் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். தரகர் சொல்லும் வயதை நம்பாதீர்கள்.

முன்பு எந்த வீட்டில் வேலை செய்தார் என்று கேட்டு, அந்த வீட்டுத் தாயிடம் நேரில் போய்ப் பேசுங்கள். "நல்லவரா?" என்று மட்டும் கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். பிள்ளை விடாமல் அழுதால் என்ன செய்வார், எத்தனை மாதம் இருந்தார், ஏன் விலகினார் என்று கேளுங்கள். அவருடைய வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அவருக்கும் கைப்பிள்ளை இருந்தால் அதை யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். தன் பிள்ளையை நினைத்துத் தவிக்கும் தாயால் உங்கள் பிள்ளையை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

சமையலும் துணி துவைப்பும் கூட்டித் துடைப்பதும் பிள்ளையும் எல்லாம் ஒரே ஆளின் வேலை என்று வைக்காதீர்கள். அடுப்பில் கறி கொதிக்கும்போது பிள்ளையின் வாயில் போத்தலை வைத்துத் தலையணையால் முட்டுக் கொடுத்துவிட்டு ஓடும் நிலை அப்படித்தான் வருகிறது. பிள்ளை பார்க்கும் நேரத்தில் பிள்ளை மட்டுமே வேலை.

சொல்லிக் கொடுக்க வேண்டியவை

நீங்கள் வேலைக்குத் திரும்பும் முன் குறைந்தது பத்து நாளாவது அவர் உங்களோடு இருந்து பழகட்டும். செய்து காட்டுங்கள், பிறகு அவரைச் செய்யச் சொல்லி நீங்கள் பாருங்கள்.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பாலைக் கறந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், சிறு கோப்பையால் அவர் பருக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் பிள்ளையைப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. தலை உயர்ந்திருக்க மடியில் சாய்த்துப் பிடித்து, இடையிடையே நிறுத்தி, முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரச் செய்ய வேண்டும். தூங்கும் பிள்ளையின் வாயில் பால் ஊற்றவே கூடாது.

புரைக்கேறினால், இருமி அழ முடிகிற பிள்ளையை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் காத்திருக்க நேரமில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். பயனில்லாவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். மாறி மாறி இப்படிச் செய்துகொண்டே உதவிக்குக் கூப்பிட வேண்டும். வயிற்றை அழுத்துவதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தோண்டுவதும், பிள்ளையைப் பிடித்து உலுக்குவதும் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய், குடும்ப நலத் தாதியிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அதையும் உங்கள் இலக்கத்தையும் பக்கத்து வீட்டு இலக்கத்தையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவருடைய கையில் ஒரு தொலைபேசி எப்போதும் இருக்கட்டும். "ஏதும் நடந்தால் பயப்படாமல் உடனே சொல்லுங்கள், ஏச மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏச்சுக்குப் பயந்து, விழுந்த பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போட்டு மறைத்ததால் வந்த கேடுகள் உண்டு. உங்களைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்பதையும் உறுதியாகச் சொல்லுங்கள்.

கூலியும் கண்ணியமும்

சம்பளம், வேலை நேரம், கிழமையில் ஒரு நாள் லீவு ஆகியவற்றை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இன்னொருவரைக் கொண்டு பாலூட்ட அனுமதிக்கும் அல்பகரா அத்தியாயத்து 233 ஆவது வசனம், பேசிய கூலியை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அண்ணலாருக்குப் பாலூட்டி வளர்த்த ஹலீமா நாயகியின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். வளர்த்தவருக்குரிய மரியாதை நமக்குப் புதிதல்ல.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தாவை இடையில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரைக் கண்டதும் பிள்ளை மிரள்கிறதா, உடம்பில் கன்றிய அடையாளம் இருக்கிறதா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறதா என்று தினமும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் ஊரில் கதை பரப்பாமல், முதலில் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் பிள்ளையானாலும், வேலைக்கு வைக்கப்பட்ட சிறுமியானாலும், துன்புறுத்தப்படுவது தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதைப் பார்க்க வரும் பெண்ணும் இன்னொரு தாயின் அமானத். பால் கொடுக்கும் முறையையும் புரைக்கேறினால் செய்ய வேண்டியதையும் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காமல் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.